43 வருஷ வாழ்க்கை, 37 வாய்ஸ் மெசேஜ்

“இங்கேருங்க, மோட்டார் போட்டீங்களா? தொட்டி நிறைஞ்சதும் அமத்திருங்க, டிவி பாத்துட்டு மறந்துராதீங்க.”

2022-ல் என் மனைவி எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இது. மகளின் இரண்டாவது பிரசவத்துக்காக மூன்று மாசம் பெங்களூரில் இருந்தாள், நான் திருநெல்வேலி வீட்டில் தனியாக இருந்தேன். டைப் செய்ய அவளுக்குப் பொறுமை கிடையாது. மைக் பட்டனை அமுக்கிப் பேசி அனுப்பிவிடுவாள், ஒரு நாளைக்கு நாலு, அஞ்சு கூட வரும். போனில் இடமில்லை என்று காட்டும்போதெல்லாம் நான் பழசை அழித்துக்கொண்டே வந்தேன். 1981-ல் கல்யாணம் ஆகி 43 வருஷம் கூட வாழ்ந்தவளின் குரல் என்று இன்றைக்கு என்னிடம் இருப்பது 37 மெசேஜ். ஒன்றில்கூடப் பெரிய விஷயம் எதுவும் இல்லை. மோட்டார், பால் பாக்கெட், கேஸ் புக்கிங், உளுந்தஞ்சோறு வைக்கிற விதம், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்ற விசாரிப்பு, இவ்வளவுதான்.

2025 ஆகஸ்ட் 30-ல் தலைத்திவசம் கொடுத்தோம். இந்த ஒரு வருஷத்தில் எனக்குத் தெரிய வந்ததை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது, என்னைப் போல வீட்டுக்காரியிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேலைக்குப் போய் வந்த ஆண்கள் நிறையப் பேர் இருப்பார்கள். நான் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேபில்லில் ஒரு ரூபாய் குறைந்தாலும் தூக்கம் வராது, ஆனால் என் வீட்டு பீரோவில் எந்தத் தட்டில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அவள் சத்துணவு அமைப்பாளர். எம்.ஜி.ஆர். 1982-ல் திட்டத்தைத் தொடங்கினார், இவள் 1984-ல் சேர்ந்தாள், 58 வயதில் 2016-ல் ஓய்வு. தொடக்கப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்று கணக்கு. வருகைப் பதிவைப் பார்த்துத் தலையை எண்ணி, அரிசியும் பருப்பும் நிறுத்துக் கொடுத்து, ரிஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தபோது முட்டை நாளில் ஒரு பிள்ளைகூட லீவு போடாது என்பாள். 2010-ல் வாரத்துக்கு அஞ்சு முட்டை என்று ஆனபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “திங்கக்கிழமை கணக்கு தனி” என்று அடிக்கடி சொல்வாள். சனி, ஞாயிறு பள்ளிக்கூடம் கிடையாதே, சில பிள்ளைகள் திங்கட்கிழமை வரும்போதே வயிறு ஒட்டிப்போய் வரும், அன்றைக்கு இரண்டாவது தடவை தட்டை நீட்டுகிற பிள்ளைகள் அதிகம். அதற்காக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே வீட்டிலிருந்து கொஞ்சம் காய்கறியை எடுத்து வைத்துவிடுவாள். நான் அதற்கு முணுமுணுத்திருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு ஆட்டோ ஓட்டுகிற, கடை வைத்திருக்கிற, போலீஸில் இருக்கிற ஆட்கள் என்று எனக்கு முகம் தெரியாத முப்பது பேருக்கு மேல் வந்து “எங்க சத்துணவு டீச்சர்” என்று நின்றபோதுதான் அந்தக் காய்கறி எங்கே போனது என்று புரிந்தது.

அவள் போனது 2024 செப்டம்பர் 10. பிள்ளையார் சதுர்த்தி முடிந்து மூன்றாம் நாள், ஆவணி வளர்பிறை சப்தமி. கொழுக்கட்டை மாவு மிச்சம் இருந்த டப்பா அடுக்களையில் அப்படியே இருந்தது.

இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். முந்தின நாள் காலையிலிருந்தே களைப்பாக இருக்கிறது என்றாள். மதியம் தாடை வலிக்கிறது, முதுகின் மேல்பக்கம் பிடித்த மாதிரி இருக்கிறது, சாப்பாடு எதுக்களிக்கிறது என்றாள். நெஞ்சு வலிக்கிறது என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் கேஸ் ட்ரபிள் என்று சொல்லி ஓமத் தண்ணீர் போட்டுக் கொடுத்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு உடம்பெல்லாம் வியர்த்து மூச்சு வாங்கியது, 108-ஐக் கூப்பிட்டேன், ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது, ஆஸ்பத்திரியில் ஒன்றரை மணி நேரம் போராடினார்கள். பெண்களுக்கு மாரடைப்பு வரும்போது, அதிலும் சர்க்கரை இருக்கிறவர்களுக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்கிற வலி வராமலே போகலாம், களைப்பு, குமட்டல், மூச்சுத் திணறல், தாடையிலோ தோளிலோ முதுகிலோ வலி என்று வரலாம் என்று டாக்டர் அப்புறம் சொன்னார். அவளுக்குப் பதினாலு வருஷமாகச் சர்க்கரை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது திடீரென்று இப்படிச் சொன்னால் ஓமத் தண்ணீரைத் தேடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள்.

கண் தானம் செய்ய வேண்டும் என்று அவள் எப்போதோ சொன்னது அந்த நேரத்தில் எனக்கு நினைவே இல்லை. பெங்களூரிலிருந்து போனில் அழுதுகொண்டே மகள்தான், “யப்பா, அம்மா கண்ணக் குடுக்கணும்னு சொல்லிருக்காங்கப்பா” என்றாள். ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். சர்க்கரை இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும் கொடுக்கலாம். இமைகளை மூடி மேலே ஈரப் பஞ்சு வைக்கச் சொன்னார்கள், மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தலைக்குத் தலையணை வைத்து உயர்த்தச் சொன்னார்கள், வந்து இருபது நிமிஷத்தில் முடித்துவிட்டுப் போனார்கள், முகத்தில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. மகளுக்கு மறந்திருந்தால் நான் செய்திருக்க மாட்டேன். இப்போது கண் வங்கி நம்பரை எழுதிக் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன், என் முறைக்கு.

துக்கம் விசாரிக்க வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். பிறந்த வீட்டுக் கோடியை அவள் தம்பி கொண்டுவந்து போர்த்தினான், நெற்றி நிறையக் குங்குமம், தலை நிறையப் பூ. வந்தவர்களில் பாதிப் பேர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “பூவும் பொட்டுமாப் போயிட்டா, கொடுத்து வச்சவ” என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொல்கிறார்கள், எனக்குத் தெரியும். ஆனால் 66 வயதில், பேத்தி பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள், மருமகள் மாசமாக இருக்கிறாள் என்று கம்பளி நூல் வாங்கி வைத்திருந்தவள், எனக்கு முன்னால் போனது அவளுக்கு என்ன கொடுப்பினை? அப்படிச் சொல்வதை நிறுத்திவிடலாம். மூணாவது வீட்டு அக்கா ஒருத்தி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் இவளும் ஒரு தடவை குறுக்குத்துறைக்குக் குளிக்கப் போய்ச் செருப்பைத் தொலைத்துவிட்டு வெயிலில் ஓடி வந்த கதையைச் சொன்னாள். எனக்குத் தெரியாத கதை. அன்றைக்கு நான் முதல் தடவையாக ஒரு வாய் சாப்பிட்டேன். துக்க வீட்டுக்குப் போகிறவர்கள் அப்படி ஒரு கதையைக் கொண்டு போங்கள்.

சரி, காகிதங்கள். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆஸ்பத்திரியில் நடந்தால் அவர்களே பதிந்துவிடுவார்கள், வீட்டில் நடந்தால் நாம் போக வேண்டும், ஒரு வருஷம் தாண்டினால் கோட்டாட்சியர் வரை அலைய வேண்டி வரும். இதெல்லாம் பலருக்கும் தெரியும். நான் மாட்டிக்கொண்டது இனிஷியலில். அவளுடைய பள்ளிச் சான்றிதழ், வேலைப் பதிவேடு, சம்பளக் கணக்கு எல்லாம் அவள் அப்பா பெயரின் இனிஷியலில். ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு எல்லாம் என் இனிஷியலில். ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டபோது இருந்த நிலையில் நான் ஆதாரில் இருப்பதைச் சொல்லிவிட்டேன், சான்றிதழும் அப்படியே வந்தது. வங்கியில், கணக்கு வைத்திருந்தவரும் இறந்தவரும் ஒருவர்தானா என்று கேட்டார்கள். கேட்க வேண்டியதுதான், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் 43 வருஷம் கூட இருந்தவளை இரண்டு பேர் இல்லை, ஒருத்திதான் என்று நோட்டரி முன்னால் முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்த அன்றைக்கு, வெளியே வந்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி இனிஷியல் மாறிய பெண்கள் இருக்கிற எந்த வீட்டிலும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. அவர்கள் இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே மாதிரி மாற்றிவிடுங்கள்.

நாமினி இன்னொரு கூத்து. அந்தக் கணக்கில் அவள் போட்டிருந்த நாமினி அவள் அம்மா. அவர்கள் 2009-லேயே தவறிவிட்டார்கள், மாற்ற வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அதனால் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் விசாரணையெல்லாம் முடிந்து, தாசில்தாரிடமிருந்து வந்த பிறகுதான் வங்கி வேலை நகர்ந்தது. மனைவி பெயரில் இருப்பது அப்படியே கணவனுக்கு வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். உயில் எழுதாத பட்சத்தில் 1956-ம் வருஷ இந்து வாரிசுரிமைச் சட்டப்படி கணவன், மகன், மகள் எல்லாருக்கும் சம பங்கு. எங்கள் வீட்டில் சண்டை இல்லை, ஆனாலும் பிள்ளைகள் இரண்டு பேரும் கையெழுத்துப் போட கோயம்புத்தூரிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லீவு போட்டு வர வேண்டியிருந்தது. பாஸ்புக், இன்சூரன்ஸ் எல்லாவற்றிலும் நாமினி யார் என்று இந்த வாரமே எடுத்துப் பாருங்கள்.

அவளுடைய கடன் கணக்கு மட்டும் சுலபமாக முடிந்தது. ஒரு பழைய டைரியில், யாருக்கு எவ்வளவு கொடுத்தாள், யாரிடம் வாங்கினாள், மகளிர் குழுவில் எத்தனை தவணை பாக்கி என்று தேதி போட்டு எழுதியிருந்தாள். சத்துணவு ரிஜிஸ்டர் எழுதிய அதே கை. அதை வைத்து ஒரே வாரத்தில் எல்லாருக்கும் கொடுத்து முடித்தேன்.

போட்டோவுக்கு வருகிறேன். எங்கள் வீடு சிந்துபூந்துறைப் பக்கம். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஊருக்குள் வந்ததே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அதே வெள்ளம், எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பம் எல்லாம் முங்கிவிட்டது. வடிந்த பிறகு நான் அதைக் குப்பையோடு அள்ளி வாசலில் வைத்துவிட்டேன். அவள் போய் எடுத்து வந்தாள். ஒரு பேசினில் நல்ல தண்ணீர் ஊற்றி, ஒவ்வொரு போட்டோவையும் ஈரம் காயுமுன்னே ஆல்பத்திலிருந்து மெதுவாகப் பிரித்து, தண்ணீரில் ஒரு முறை அலசி, தேய்க்காமல், படம் மேலே தெரிகிற மாதிரி நிழலில் தன் நூல் சேலையை விரித்து அதில் வரிசையாகப் பரப்பினாள். காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டிப்போனதை எதுவும் செய்ய முடியவில்லை. ஈரமாக இருக்கும்போதே பிரித்த அறுபத்து சொச்சம் தப்பித்தது, எங்கள் கல்யாண போட்டோ பதினொன்றும் அதில் உண்டு. அதற்கப்புறம் அவள் செய்த காரியம்தான் பெரிசு. இரண்டு மாசம், மத்தியானம் மத்தியானம் உட்கார்ந்து, ஒவ்வொன்றின் பின்னாலும் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று பென்சிலில் எழுதினாள். பேனா மை முன்பக்கம் ஊறிவிடும் என்று பென்சில்.

அவள் எழுதிவைத்து ஏழு மாசத்தில் போய்விட்டாள். இன்றைக்கு அந்தப் போட்டோக்களில் பாதி முகங்கள் எனக்குத் தெரியாது, பின்னால் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். “பெரியாச்சி, விக்கிரமசிங்கபுரம், பாபநாசம் ஆடி அமாவாசைக்குப் போனப்ப” என்று ஒன்றில் இருக்கிறது. ஒன்றில் வெறும், “இது நான்தான், நம்பமாட்டீங்க.” பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை, ரெட்டைச் சடை, முன்பல் ஒன்று உடைந்திருக்கிறது. அந்தப் பல் எப்படி உடைந்தது என்று கேட்க இனி ஆள் இல்லை, அவள் தம்பிக்கும் தெரியவில்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்பத்தை எடுத்து மடியில் வையுங்கள், அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள்.

போன் விஷயத்தில் மருமகன்தான் என்னைக் காப்பாற்றினார். அவள் நம்பரை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் மூணு மாசத்தில் சிம் போய்விடலாம், வாட்ஸப் கணக்கைத் திறக்காமலே 120 நாள் கிடந்தால் அழித்துவிடுவார்கள் என்று சொல்லி, வாட்ஸப் சாட் முழுவதையும் வாய்ஸ் மெசேஜோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்து, பென் டிரைவிலும் கூகுள் டிரைவிலும் போட்டுக் கொடுத்தார். என் போனில் 37 இருந்தது. மகள் போனில் இன்னும் சில உண்டு, அது அவளுடையது, நான் கேட்கவில்லை. ஓய்வூதியம், வங்கி எல்லாவற்றுக்கும் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும் என்பதால் ஒரு வருஷமாவது சிம்மை உயிரோடு வைத்திருப்பது நல்லது. போனின் லாக் நம்பர் எங்கள் யாருக்கும் தெரியவில்லை, கடைசியில் பேத்தி திறந்தாள். ஆச்சி போனில் கார்ட்டூன் பார்க்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

சேலைகளைப் பதினாறு முடிந்ததும் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். நான் கொடுக்கவில்லை. மூணு மாசம் கழித்து மகளும் மருமகளும் வந்து உட்கார்ந்து, பட்டுச் சேலைகளை அவர்கள் எடுத்துக்கொண்டு, நல்ல நூல் சேலைகளில் அவளோடு வேலை பார்த்த சமையலருக்கும் உதவியாளருக்கும் ஆளுக்கு இரண்டு கொடுத்தார்கள். துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆன சுங்குடிச் சேலை ஒன்றை மட்டும் மருமகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பேரன் பிறந்தபோது அதில்தான் தொட்டில் கட்டினாள். தவறிப்போனவர்கள் சேலையில் கட்டலாமா என்று சொந்தத்தில் ஒருவர் கேட்டார். “அத்தை சேலையில கட்டாம வேற யாரு சேலையில கட்ட?” என்று அவள் கேட்டாள், அதோடு முடிந்தது.

திதி பற்றி ஒரு வார்த்தை. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் தேதி மட்டும் சொன்னால் லீவு குழம்பிவிடும். எங்களுக்கு முதல் வருஷ சப்தமி ஆகஸ்ட் 30-லேயே வந்துவிட்டது, செப்டம்பர் 10-க்குப் பதினொரு நாள் முன்னாடியே. மாசம், பிறை, திதி மூன்றையும் அன்றைக்கே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

திவசம் முடிந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேத்திக்கு எட்டு வயசு, “ஆச்சி வைக்கிற கறுப்புச் சோறு வேணும்” என்றாள். உளுந்தஞ்சோறு. மகளுக்கே அம்மா பக்குவத்தில் வைக்க வராது. நான் 2022-ல் அவள் சொல்லச் சொல்ல வைத்துப் பார்த்திருக்கிறேன், மெசேஜ் இருக்கிறது, நான் வைக்கிறேன் என்றேன்.

அவளுடைய அலுமினிய உழக்கு, ஒரு பக்கம் நசுங்கினது, அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும். பள்ளிக்கூடத்தில் கிராம் கணக்குப் பார்த்தவள் வீட்டில் தராசைத் தொட மாட்டாள், எல்லாம் உழக்கும் கைப்பிடியும்தான். இரண்டு உழக்கு அரிசி, ஒரு உழக்கு தொலி உளுத்தம்பருப்பு. பருப்பை வாசம் வரும் வரை வறுக்க வேண்டும், கறுகக் கூடாது. ஒரு கைப்பிடி பூண்டு, அரை ஸ்பூன் வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு மூடித் தேங்காய்த் துருவல். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தேங்காயைப் பேத்தி துருவினாள், பாதி அவள் வாய்க்குள் போனது.

போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு மெசேஜைப் போட்டேன். “பூண்டை நசுக்காதீங்க, முழுசாப் போடுங்க. தண்ணி ஒண்ணுக்கு மூணு. பருப்பையும் சேத்துதான் கணக்கு, அரிசிய மட்டும் எண்ணிட்டு விட்டுராதீங்க.” நடுவில் பிரஷர் குக்கர் சத்தம் கேட்கிறது, அது பெங்களூர் வீட்டுக் குக்கர். கடைசியில், “உப்புப் போட்டீங்களா?”

நான் போடவில்லை. “போட்டாச்சு ஆச்சி” என்று பேத்தி போனைப் பார்த்துச் சொல்லிவிட்டு, முக்காலியில் ஏறி உப்பு ஜாடியை எடுத்தாள்.

சோறு கொஞ்சம் குழைந்துவிட்டது. பேத்தி இரண்டாம் தடவையும் தட்டை நீட்டினாள்.